நான்காம் அத்தியாயம்: முட்டையிடும் கோழிக்கு என்ன போடுவது

"அப்பல்லாம் கோழிக்கு யாரு தீனி வாங்கிப் போட்டா? அதுவா மேஞ்சு அதுவா முட்டை விட்டுச்சே!" தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரிடம் கோழித்தீனி பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிறவர்கள் விடியுமுன் கூண்டைத் திறந்துவிட்டுப் போவார்கள். லயத்தைச் சுற்றியிருந்த பால்மரக் காட்டில் கோழிக்கு ஒரு நாள் முழுக்க வேலை இருந்தது. பட்டுப்போன மரக்கட்டையில் கறையான், கால்வாய் ஓரத்தில் மண்புழு, புல்லில் வெட்டுக்கிளி, ஆட்டுக்கொட்டகை ஓரத்தில் புழு என்று அதுவே தேடித் தின்றது. பொழுது சாய்ந்ததும் "பா, பா" என்று கூப்பிட்டு ஒரு கை நொய் இறைப்பார்கள். அந்தக் கம்பத்துக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சுகளோடு திரியும். அந்த இடைவெளியில் உடம்பு தேறும். ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் 40 முதல் 60 முட்டை. அவ்வளவுக்குக் காடு போதும்.

இன்று நீங்கள் வாங்கி வரும் பழுப்பு நிற முட்டைக் கோழி வேறு சாதி. அடை உட்காராத குணம் வரும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டது. ஆண்டுக்கு 300 முட்டைக்குப் பக்கத்தில் இடும். ஒரு முட்டை ஏறத்தாழ 60 கிராம். அதில் 6 கிராமுக்கு மேல் புரதம், ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம். இதை ஏறக்குறைய நாள்தோறும் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பறவைக்கு, ஈப்போவின் புந்தோங்கிலோ குனோங் ராப்பாட்டிலோ உள்ள ஒரு வீட்டின் பின்புறம் எதைத் தந்துவிட முடியும்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குத் தாமான் வீடும் நான்கடிப் புல்தரையும் கிடைத்தன. காடு செய்த வேலையை இனி நம் கைதான் செய்ய வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை இதுதான்: முட்டையில் என்ன போகிறதோ அது தீனியில் வந்தாக வேண்டும்.

அடித்தீனி

ஆறு கோழி, எட்டுக் கோழி வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. முட்டைக் கோழித் தீனி என்று கடையில் விற்பதை மூட்டையாக வாங்குங்கள். புரதம் 16 முதல் 18 விழுக்காடு, கால்சியம் 3.5 முதல் 4 விழுக்காடு என்று மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இறைச்சிக் கோழித் தீனியை வாங்கிவிடாதீர்கள். அதில் கால்சியம் 1 விழுக்காடு அளவில்தான் இருக்கும்.

ஒரு கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோவுக்குச் சற்று மேலே ஆகும். இதுதான் பெரிய செலவு. மக்காச்சோளமும் சோயாவும் மலேசியாவில் பெரிதாக விளைவதில்லை, கப்பலில் வருகின்றன. அதனால் உலகச் சந்தையில் விலை அசைந்தால் ஈப்போவில் மூட்டை விலை அசையும். 2022இல் நாட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து நாமக்கல்லிலிருந்து முட்டை இறக்குமதி ஆனதற்குத் தீனி விலை ஏற்றமும் ஒரு காரணம். 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கான அரசு உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நின்றுவிட்டன. அதன் பிறகு வீட்டில் கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் தீனிக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

சொந்தமாகக் கலந்தே தீருவேன் என்பவர்களுக்காக 10 கிலோவுக்கு ஒரு கலவை சொல்கிறேன். உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ 200 கிராம், அரிசித் தவிடு 1 கிலோ 200 கிராம், செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு 400 கிராம், மீன்தூள் 300 கிராம், சிப்பித்தூள் 900 கிராம். இதோடு உப்பு 25 கிராம். வைட்டமின் தாதுக் கலவையைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குச் சேர்க்க வேண்டும். புரதம் 17 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். ஆனால் பத்துக் கோழிக்குக் குறைவாக வைத்திருப்பவர் இந்த ஆறேழு பொருளையும் தனித்தனியாக வாங்கி, பூசணம் பிடிக்காமல் காப்பது பெரும்பாடு. என்னைக் கேட்டால் மூட்டைத் தீனியே மேல்.

இன்னொன்று. 16 வாரத்துக்கு உட்பட்ட பெட்டைக் குஞ்சுகளுக்கு முட்டைத் தீனி போடக் கூடாது. இன்னும் முட்டை இடாத உடம்பில் அவ்வளவு கால்சியம் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். முதல் முட்டை வரும்வரை வளர்தீனிதான்.

ஓடு: பேராக்கில் குறையக் கூடாத பொருள்

முட்டை ஓடு மெலிந்து கையில் நசுங்குகிறது என்பதுதான் வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை. இதை விரிவாகவே பார்ப்போம்.

ஓட்டில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளும் அதே பொருள்தான். கோழியின் வயிற்றில் ஓடு கட்ட ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. இரவில் கோழி தின்பதில்லை. இரைப்பை காலியானதும் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ஓடு கட்டும். இது நாள்தோறும் நடந்தால் எலும்பு தேய்ந்து கால் தளரும்.

ஆகவே கால்சியத்தைத் தூளாக மட்டும் கொடுக்காமல் துண்டாகவும் கொடுக்க வேண்டும், அதையும் மாலையில் கொடுக்க வேண்டும். பச்சைப்பயறு அளவுள்ள துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். தூள் சீக்கிரமே கடந்து போய்விடும்.

துண்டுக்கு எங்கே போவது? கோலா செப்பெத்தாங் பக்கத்துக் கெராங் சிப்பி நம் பசாருக்கு வந்துகொண்டே இருக்கிறது. கெராங் சமைத்த வீட்டிலும் கடையிலும் ஓடு குப்பைக்குத்தான் போகும். வாங்கி வந்து கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டிச் சுத்தியால் தட்டுங்கள். சல்லடையில் சலித்துத் தூளை எடுத்துவிட்டு, துண்டுகளை மட்டும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தானே வந்து பொறுக்கும், தேவைப்படாத கோழி தொடாது. இந்த அளவறிவு கோழிக்கு உண்டு.

வீட்டில் உடைத்த முட்டை ஓட்டையும் போடலாம். அடுப்பில் வறட்டிப் பொடித்துப் போடுங்கள். முழு வடிவில் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துவிடும். சிம்பாங் பூலாய் பக்கம் அரைக்கும் சுண்ணாம்புக்கல் பொடியும் நொறுக்கும் தீனிக் கடையில் கிடைக்கும், அதுவும் சரிதான். ஆனால் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒருநாளும் போடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு தொண்டையையும் குடலையும் சுட்டுவிடும்.

வெயிலும் ஓட்டை மெலியச் செய்யும். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நண்பகலில் 33 பாகை ஏறும் ஈப்போவில், தீனி எல்லாம் சரியாக இருந்தும் ஓடு மெலிந்தால் நிழலையும் தண்ணீரையும் பாருங்கள். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், கடும் வெயிலில் இரு மடங்கு. நண்பகலில் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்த நீர் வைப்பதைப் போல் பலன் தரும் வேலை வேறில்லை.

சோறும் தவிடும்

மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போடாத தமிழ் வீடு இல்லை. போடலாம். அதையே தீனியாக்கிவிடக் கூடாது. இதற்குப் பின்னால் மருத்துவ வரலாற்றின் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1890களை ஒட்டி, சாவகத்தின் பத்தாவியா நகரில், இன்றைய ஜக்கார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கு வைத்திருந்த கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. இடையில் சில மாதம் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் மறுபடி தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். தவிடு நீங்கியதால் நோய் வந்தது, தவிடு திரும்பியதால் குணமும் வந்தது. இந்த வழியாகத்தான் பிற்காலத்தில் தயமின் என்ற வைட்டமின் பி1 அடையாளம் காணப்பட்டது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

மலாயாவிலும் அதே காலத்தில் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை, அவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராட்டன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைச் சுட்டி 1907இல் நூலே எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஆட்களிடமும் கோழிகளிடமும் சோதித்து அதை உறுதிசெய்தார்கள். நம் பாட்டன்மார் உண்ட அரிசிக்கும் கூட்டில் இருக்கும் கோழிக்கும் அறிவியலில் இப்படி ஓர் உறவு உண்டு.

நமக்கு வேண்டிய பாடம் எளிது. வெறும் வெள்ளைச் சோற்றில் வயிறு நிறைந்த கோழி மற்றத் தீனியைத் தொடாது. சோற்றில் புரதமும் போதாது, வைட்டமினும் போதாது, கால்சியமும் போதாது. சோறு போடும் நாளில் அதே அளவு தவிட்டைப் பிசைந்து போடுங்கள். அதுவும் ஒரு கோழிக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். குழம்பு ஊற்றிய சோறு, கருவாட்டுத் துண்டு, ஊறுகாய் எதுவும் வேண்டாம், உப்பு அதிகம்.

தவிடு கிரியான் வட்டாரத்து நெல் ஆலைகளிலிருந்து வருவது புதிதாக இருந்தால் இனிப்பு வாசனை அடிக்கும். அதில் எண்ணெய் உண்டு. நம் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் காறிப்போகும். கசப்பு வாடை வந்த தவிட்டைச் செடிக்குப் போடுங்கள்.

சுற்றுப்புறத்தில் கிடைப்பவை

தௌகேவுக்கும் தாவ்ஹூவுக்கும் பேர்போன ஊர் ஈப்போ. தாவ்ஹூ என்ற சோயாக்கட்டி செய்யுமிடத்தில் சோயாச் சக்கை மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். காய்ந்த எடையில் கால்பங்கு புரதம். இரண்டு எச்சரிக்கை உண்டு. பாலை வடித்த பிறகே கொதிக்கவைக்கும் இடங்களில் சக்கை பச்சையாக இருக்கும். பச்சைச் சோயாவில் உள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும். ஆகவே வீட்டில் இருபது நிமிடம் வேகவைத்தே போட வேண்டும். இரண்டாவது, அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரே நாளில் புளித்துவிடும். வாங்கிய அன்றே போடுங்கள், ஒரு மணி நேரத்தில் தின்னாததை அள்ளிவிடுங்கள்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு பேராக்கில் தாராளம். புரதம் 14 முதல் 18 விழுக்காடு. நார் மிக அதிகம், ஓட்டுத் துணுக்கும் கலந்திருக்கும். மாட்டுக்கு நல்லது, கோழிக்குக் கொஞ்சம் போதும். தேங்காய்ப் புண்ணாக்கும் அப்படியே.

கீரை என்றால் முருங்கையை முதலில் சொல்வேன். காய்ந்த இலையில் 25 விழுக்காட்டுக்கு மேல் புரதம். கொத்தாகக் கட்டிக் கோழி எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் பாதி மிதிபடும். மஞ்சள் கரு ஆழ்ந்த நிறம் பெறுவது கீரையிலுள்ள நிறமிகளால்தான். நிறத்தை மட்டும் வைத்து முட்டையின் சத்தை அளந்துவிட முடியாது, என்றாலும் அந்த நிறத்தைக் கண்டால் மனம் நிறைகிறது. மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு உண்டு. நறுக்கி, ஒரு நாள் வதங்கவிட்டு, நன்றாக வெயிலில் காய்த்தே கொடுக்க வேண்டும். சாலையோரம் மண்டிக் கிடக்கும் சவுண்டலில் மிமோசின் என்ற பொருள் உண்டு. காய்ந்த இலை மொத்தத் தீனியில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பழைய பால்மரங்களின் அடியில் சிதறிக் கிடக்கும் ரப்பர் விதையிலும் அதே சயனைடு இருக்கிறது. ஊறவைத்து, அவித்து, நீரைக் கொட்டித் தருபவர்களும் உண்டு. இவ்வளவு பாடுபட அது தகுதியான தீனி இல்லை.

இவை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் மருந்தும்

தோட்டத்து ஓரத்தில் புல் அறுத்து வருபவர்கள் கவனிக்க வேண்டும். செம்பனைக்கு அடியில் களைக்கொல்லி தெளிப்பது வழக்கம். அவற்றில் ஒன்றான பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. மற்ற மருந்துகள் புழக்கத்தில்தான் உள்ளன. இலை ஓரம் கருகிய புல், வரிசையாக மஞ்சளித்த புல் எதையும் தொடாதீர்கள்.

கிந்தா பள்ளத்தாக்கில் பல குடியிருப்புகள் பழைய ஈயச் சுரங்க மணலின் மேல் எழுந்தவை. இத்தகைய மண்ணில் ஆர்செனிக் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும். பழைய சுவர்ச் சாயம் உதிர்ந்த இடத்தில் காரீயம் இருக்கும். கோழி கொத்தும் ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் மண் உள்ளே போகிறது, அதிலுள்ள காரீயம் முட்டைக்கு வந்து சேர்கிறது. சிட்னி நகரத்துப் புழக்கடைக் கோழிகளை ஆராய்ந்தவர்கள் கடை முட்டையைவிடப் பல மடங்கு காரீயத்தை அவற்றின் முட்டையில் கண்டார்கள். ஆகவே தரையில் இறைக்கும் பழக்கத்தை விடுங்கள். தீனியைத் தொட்டியில் வையுங்கள். தொட்டி கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிந்தலும் குறையும், எலியும் குறையும். மாலையில் தானியம் இறைத்தே ஆக வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணோ உமியோ பரப்பிய மூலையில் இறையுங்கள்.

வேளை

காலை வெளுத்ததும் பாதி, மாலை நான்கரை மணிக்கு மேல் பாதி. நண்பகல் வெயிலில் கோழி தின்னாது. மாலைத் தீனி ஓட்டுக்கு உதவும் என்று மேலே பார்த்தோம். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த நேரத்தில்தான் எல்லாக் கோழியும் ஓரிடத்தில் நிற்கும். ஒன்று விலகி நின்றால் அன்றே தெரியும்.

தீனி வேளையைக் கொண்டு நோயையே தடுக்க முயன்ற கதையும் இந்த நாட்டில் உண்டு. வெள்ளைக் கழிச்சல் வந்தால் கம்பத்துக் கோழி கூட்டமாக மடியும். மரத்தில் தங்கும் கோழியைப் பிடித்து ஊசி போடுவதும் கடினம். 1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 என்ற தடுப்பு மருந்தைத் தீனியில் பூசிக் கொடுக்கும் முறையை உருவாக்கின. இன்று உங்கள் கோழிக்கு எந்தத் தடுப்பு மருந்து, எப்போது என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகமும் இருக்கிறது.

சேமிப்பு

மூடியுள்ள தகர டின்னில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளியை எலி ஓட்டை போட்டுவிடும். எலியைத் தேடிப் பாம்பு வரும், செம்பனை அருகே குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் மூட்டையை மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்று செத்த பிறகே இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. வெயிலில் காயவைத்தால் பூசணம் மறையும், நஞ்சு மறையாது. கட்டி பிடித்த தீனியைக் கொட்டிவிடுங்கள், வீட்டில் வேறு பிராணிக்கும் போடாதீர்கள்.

இறகு உதிர்க்கும் காலம்

ஒன்றரை வயதை ஒட்டிக் கோழி இறகு உதிர்க்கும், முட்டை நிற்கும். "முட்டையே இல்லையே, எதுக்குத் தீனி?" என்று குறைத்துவிடுபவர்கள் உண்டு. அந்தக் காலத்தில்தான் கோழிக்குப் புரதம் அதிகம் வேண்டும். இறகில் 85 விழுக்காட்டுக்கு மேல் புரதம். தீனியைக் குறைத்தால் இறகு முளைப்பது தள்ளிப்போகும், முட்டையும் அதோடு தள்ளிப்போகும். பங்கோர் நெத்திலியின் தலைகளைக் கழுவி உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து, வாரம் இரண்டு முறை ஒரு கோழிக்கு ஒரு தேக்கரண்டி கொடுங்கள். கெராங் ஓடு கிண்ணத்தில் இருக்கட்டும், இப்போது கோழி அதை அதிகம் தொடாது. இரண்டு மூன்று மாதத்தில் கழுத்து முழுக்க மூடி, கொண்டை சிவந்து, கிண்ணத்தில் ஓடு குறையத் தொடங்கினால் அடுத்த சில நாளில் முட்டை வரும்.